எட்டாயிரம் ரூவா எச்சில்

எச்சிலைத் துப்பி, டப்பியில அடைச்சு, கூரியருல அனுப்பி, அதுக்கு எட்டாயிரம் ரூவாயும் கட்டினியாமே பேராண்டி, நெசந்தானா? குன்னூர் பஸ் ஸ்டாண்டுல துப்பினா ஊரே மொறைக்கும். டப்பியில துப்பினா ரிப்போர்ட்டு வருதா? அதுவும் நாப்பத்தோரு பக்கமாம்ல! உங்கப்பன் கல்யாணப் பத்திரிகையே நாலு பக்கந்தான். அதுல ரெண்டு பக்கம் மாமன் மச்சான் பேரு.

குடு இங்க. கண்ணாடி எங்க வெச்சேன்? ம்... "உங்கள் முன்னோர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்கள்." அடி ஆத்தி! இதைக் கண்டுபிடிக்க ஒரு மிசினு, ஒரு கம்பெனி, ஒரு கூரியர். உன் மூக்கைப் பாத்த ஒடனே வெலிங்டன் டீக்கடைக்காரன் சொல்லிருப்பானே, ரெண்டு வர்க்கியும் சேத்துக் குடுத்து. அடுத்த பக்கம்? "உங்களுக்குக் காஃபீன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்." சிலோன்லயும் இந்த மலையிலயுமா நாலு தலைமொறை தேயிலைத் தூருலயே கெடந்த குடும்பம். அதுல உனக்கு மட்டும் டீ ஆகாதாக்கும்? தாய்ப்பால் மறந்த மறுநாளே என் டம்ளரைப் பிடுங்கினவன்டா நீ.

சரி, சிரிப்பை அடக்கிட்டுப் பதினேழாம் பக்கத்துக்கு வாரேன். அங்கதான் உன் மொகம் சுருங்கிப்போச்சுன்னு உங்கம்மா சொன்னா. "டிஎன்ஏ சேதத்துக்கான எதிர்வினை: கவனம் தேவை." கீழ ரெண்டு மரபணுப் பேரு. அதுக்கும் கீழ, பூப்போட்ட கட்டத்துக்குள்ள ஒரு மாத்திரை டப்பா படம். பச்சைத் தேயிலைச் சாறாம். மாசம் ஒரு டப்பா முழுங்கினா டிஎன்ஏ ரிப்பேர் ஆயிருமாம். ஏன்டா, ஓட்டையைக் காட்டுறவனே பசையும் விக்கிறான்னா, ஓட்டை எங்க இருக்குன்னு கொஞ்சம் யோசிக்க வேணாமா? நீ பதில் சொல்ல வேணாம். பர்ஸைத் தடவிப் பாத்தாலே தெரியும்.

உக்காரு. அடுப்பு எரியுது, குளிர் விடும். நான் எட்டாங் கிளாஸ் தாண்டாதவன். ஆனா என் பேத்தி கோயமுத்தூருல இந்தப் படிப்புத்தான் படிக்கிறா. போன லீவுல வந்தப்ப ரெண்டு ராத்திரி, இதே அடுப்படியில உக்காந்து எனக்குச் சொன்னா. அவ இங்கிலீசுல சொன்னதை நான் தோட்டத்துப் பாஷையில வாங்கி வெச்சிருக்கேன். உனக்கு அதையே தாரேன். காசு வேணாம்.

உன் ஒடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு கணக்குப் புஸ்தகம் இருக்கு. அதான் டிஎன்ஏ. ரெண்டு இழையா முறுக்கின நூலு. அது தினமும் கெட்டுக்கிட்டேதான் இருக்கும். வெயில் கெடுக்கும், பொகை கெடுக்கும், நீ மூச்சு விடுறதே கொஞ்சம் கெடுக்கும். ஒண்ணுமே பண்ணாம கம்பளிக்குள்ள சுருண்டு படுத்தாலும், ஒடம்புத் தண்ணியில ஊறி ஊறித் தானாவே எழுத்து உதிரும். டாமஸ் லிண்டால்னு ஸ்வீடன்காரர் ஒருத்தர் கணக்குப் போட்டாரு. ஒரு செல்லுக்கு ஒரு நாளைக்குச் சேதம் பத்தாயிரக் கணக்குல வருதாம். அதை ஒடம்பே எப்படி ஒக்கிடுதுன்னு காட்டினதுக்கு 2015-ல் அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு குடுத்தாங்க. நேத்து ராத்திரி நீ கொறட்டை விட்டுத் தூங்கினப்ப அம்புட்டு ரிப்பேரும் நடந்து முடிஞ்சிருச்சு. கூலி கேட்டு யாராச்சும் கதவைத் தட்டினானா?

இப்ப பதினேழாம் பக்கத்துல இருக்கிற அந்த ரெண்டு மரபணுப் பேருக்கு வா. மொதல் பேரு ஏடிஎம். பேங்க் மிசினு இல்லடா. அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியான்னு ஒரு நோய். பேரைச் சொல்றதுக்குள்ள டீ ஆறிப்போகும். அந்த நோய் வந்த புள்ளைங்க தள்ளாடித் தள்ளாடி நடக்கும். கண்ணு வெள்ளையில செவப்பு நரம்பு ஓடும். எக்ஸ்ரே மாதிரிக் கதிர் பட்டா அதுங்க செல்லு தாங்காது. ரத்தப் புத்துநோயும் சீக்கிரம் வரும். ஏன்னு தேடிக்கிட்டுப் போயி, இஸ்ரேல்ல யோசெஃப் ஷிலோன்னு ஒருத்தரோட கூட்டம் 1995-ல் அந்த ஜீனைப் புடிச்சுச்சு. நோய்ப் பேரையே சுருக்கி ஜீனுக்கும் வெச்சுட்டாங்க. உருப்படியா வேலை பாக்குற ஜீனுக்கு, அது கெட்டா வர்ற நோயோட பேரு! நல்லவனுக்கு நம்மூருல வைக்கிற பட்டப் பேரு மாதிரித்தான்.

ஏடிஎம்மோட வேலை என்ன? சிலோன் தோட்டத்துல விடியக்காலம் பெரட்டுத் தப்பு அடிப்பாங்க, கேட்டிருக்கியா? நீ எங்க கேட்ட, நீ செல்போன் சத்தத்துக்கே எந்திரிக்க மாட்ட. எங்க லயத்துல அந்தத் தப்புச் சத்தம் கேட்டா கெழவியும் எந்திரிச்சிரும். ஏடிஎம் அந்தத் தப்படிக்கிறவன். நூலு ஒரு இழை அறுந்தா பெருசா அலட்டிக்க மாட்டான், அதைத் தைக்க வேற ஆளு இருக்கு. ரெண்டு இழையும் ஒரே எடத்துல அறுந்துச்சு, அம்புட்டுத்தான், ஊரைக் கூட்டிருவான். "வேலையை நிப்பாட்டு! கணக்குப் புஸ்தகம் கிழிஞ்சிருச்சு!"

சத்தங் கேட்டு எந்திரிக்கிறவன் ரெண்டாவது ஆளு. அவந்தான் மேஸ்திரி. பேரு பி-53. அவனைச் செய்யிற ஜீன் 17-ம் குரோமோசோம்ல உக்காந்திருக்கு, டிபி-53னு பேரு. மத்த நாள்ல இந்த மேஸ்திரியை ஒடம்பு வெச்சுக்கவே வெச்சுக்காது. செய்யும், அரை மணி நேரத்துக்குள்ள அழிச்சுப்புடும். அழிக்கிறதுக்குன்னே எம்டிஎம்-2ன்னு ஒருத்தன் நிக்கிறான். தப்புச் சத்தங் கேட்டா மட்டும் அவன் கை ஒதுங்கும், மேஸ்திரி தங்குவான். தங்கினவன் வந்து மொதல்ல செல்லைப் பெருக விடாம நிறுத்துவான். தையக்காரனைக் கூப்பிடுவான். தேறுமா, விடு, வேலை நடக்கட்டும். தேறாதா, அந்தச் செல்லு தன்னைத் தானே பிரிச்சுப் போட்டுக்கிட்டுச் செத்துப்போகணும். அழுதாலும் விட மாட்டான்.

இதுல வேடிக்கை என்னன்னா, வேலைக்கு வந்த மேஸ்திரியே அந்த எம்டிஎம்-2 ஆளையும் கூடுதலாச் செய்ய உத்தரவு போட்டுருவான். "என் வேலை முடிஞ்சதும் என்னை அனுப்பிரு"ன்னு தன் கழுத்துக் கயித்தைத் தானே திரிச்சுக் குடுக்கிறான். எத்தனை தலைவருக்கு இந்தப் புத்தி இருக்கு? பேரு சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத, சொவத்துக்குக் காது இருக்கு.

செல்லு சாகணுமான்னு மொகத்தைச் சுளிக்காத. கவ்வாத்து வெட்டின மலையைப் பாத்திருக்கியா? நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா, கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கிட்டு எறங்குவோம். எலை ஒண்ணு மிச்சமில்லாம வெட்டி, செடி எலும்புக்கூடா நிக்கும். பட்ட கெளையைக் கண்டா பச்சை தெரியிற வரைக்கும் கீழ எறங்கி வெட்டணும். கறுப்பு ஒரு விரக்கட்டை மிச்சம் வெச்சாலும் அது தூருக்குள்ள எறங்கும். ஊட்டிக்கு வந்த டூரிஸ்ட்டு காரை நிப்பாட்டி "ஐயோ, யாரு இப்படி அழிச்சது?"ன்னு கேப்பான். நான் மண்டையைச் சொறிஞ்சுக்கிட்டு "காட்டெருமை சாமி"ம்பேன். நம்பிட்டுப் போவான். கொஞ்ச மாசம் கழிச்சு அதே செடியில கொழுந்து எப்படிக் கெளம்புதுன்னு பாக்க அவன் எங்க வரப்போறான்?

அந்தப் பேருல 53 எங்கருந்து வந்துச்சுன்னு பேத்திகிட்ட கேட்டேன். எடையாம். 1979-ல் லண்டன்ல, அமெரிக்காவுல, பிரான்சுல, நாலஞ்சு கூட்டம் ஒரே நேரத்துல இந்தப் பொரதத்தைக் கண்டு எடை போட்டுச்சு. அவங்க தராசுல 53 காட்டுச்சு, 53ன்னே பேரு வெச்சாங்க. பொறவு நிதானமாக் கணக்குப் பாத்தா நெசமான எடை 44கூட இல்ல. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப்போச்சு. எலை நிறுக்குற எடத்துல எத்தனை வருசம் நின்னவன் நான்! கூடை நனைஞ்சிருக்கு, தண்ணிக்குக் கழி, சாக்குக்குக் கழின்னு எங்க பொம்பளைங்க பறிச்ச கொழுந்துல ரெண்டு கிலோவாச்சும் தேயாம விட்டதில்ல. ஒலகத்துலயே தராசு கூடக் காட்டினது இந்த மேஸ்திரிக்கு ஒருத்தனுக்குத்தான். பேரையும் இன்னும் மாத்தல.

அதைவிடக் கூத்து, பத்து வருசம் இவனைத் திருடன்னே நெனச்சிருந்தாங்க. புத்துநோய்ச் செல்லுல எல்லாம் இவன் குமிஞ்சு கெடந்தான். அதனால இவந்தான் புத்துநோயை உண்டாக்குறான்னு முடிவு கட்டிட்டாங்க. 1989 வாக்குலதான் தெரிஞ்சுச்சு, ஆராய்ச்சிக்கு எடுத்ததெல்லாம் கெட்டுப்போன மேஸ்திரியாம். நல்லவன் புத்துநோயை அடக்குறவனாம். களவு நடந்த வீட்டு வாசல்ல காவக்காரன் மண்டை ஒடைஞ்சு கெடக்குறான். வந்தவன் "இவன்தான்டா திருடன்"னு அவன் கையிலயே விலங்கு மாட்டினா எப்படி? படிச்சவங்கதான், பெரிய படிப்பு. ஆனா ஒண்ணு, தப்புன்னு தெரிஞ்சதும் ஒத்துக்கிட்டாங்க. 1992-ல் டேவிட் லேன்னு ஒருத்தர் (1979-லயே கண்டவங்கள்ல ஒருத்தர்) இவனுக்கு மரபணுத் தொகுதியோட காவலன்னு பட்டம் குடுத்து எழுதினாரு. மனுசனுக்கு வர்ற புத்துநோய்ல பாதிக்குப் பக்கம், இந்த மேஸ்திரி கெட்டுத்தான் கெடக்குறானாம்.

கெடுக்குறது யாரு? இதுக்குத்தான் வாரேன். நம்ம பக்கம் ராத்திரி கதவை ஒடைச்சு எண்ணெயைக் குடிச்சிட்டுப் போறது கரடியா, நாயைத் தூக்கிட்டுப் போனது சிறுத்தையான்னு காலையில எப்படிச் சொல்றோம்? கீறலைப் பாத்து, தடத்தைப் பாத்து. டிபி-53 ஜீன்லயும் அப்படித் தடம் விழுகுதாம். பீடி சிகரெட்டுப் பொகையில இருக்கிற ஒரு நஞ்சு, ஜீன்ல குறிப்பிட்ட சில எடத்துல போயி ஒட்டுது. நொரையீரல் புத்துநோய் வந்தவங்களுக்கு ஜீன் கெட்டிருக்கிறதும் அதே எடத்துலதான். 1996-ல் அமெரிக்காவுல எடத்தையே காட்டிட்டாங்க. வெயிலு கெடுத்தா அதுக்கு வேற கீறலு. பூசணம் புடிச்ச நெலக்கடலை, மக்காச்சோளம், அதுல ஊறுற நஞ்சு ஈரலுக்குப் போனா 249-ம் எடத்துல ஒரே மாதிரிக் கொத்து. கைரேகை மாதிரி.

அதனால கடலை வாங்கினா மோந்து பாரு. கசந்தா துப்பு. அதுக்கு டப்பி வேணாம், ஓசிதான்.

பொயிலையைப் பத்திச் சொல்லாம போகக் கூடாது. எங்ககூடக் கொந்தரப்பு வேலை பாத்த ஒரு கூட்டாளி. எப்பவும் எடது கன்னத்துலதான் பொயிலையை ஒதுக்குவான். பேசினா ஒரு பக்கம் பலூன் மாதிரி நிக்கும், நாங்க கேலி பண்ணுவோம். புண்ணு வந்ததும் அதே எடது கன்னத்துலதான். நான் அன்னைக்கு எடுத்து எறிஞ்ச பொட்டலம் இன்னைக்கு வரைக்கும் தொடல. உங்க பாட்டி நம்ப மாட்டா, கூரைச் சந்துல தேடிக்கிட்டே இருப்பா.

அப்பறம் உன் மொகத்துக்குப் பூசுறியே ஒரு களிம்பு, வெள்ளையாகுறதுக்கு. அதைப் பத்தியும் பேத்தி ஒண்ணு சொன்னா. ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல 2,240 மீட்டரு. ஆயிரம் மீட்டர் ஏறினா வெயிலோட புறஊதாக் கதிரு நூத்துக்குப் பத்து வாக்குல கூடுது. குளிருது, அதனால வெயிலு சுடாதுன்னு நெனக்கிறது பொன்னாட்டம் மின்னுற பித்தளை. அந்தக் கதிரு தோல்ல பட்டதும் யாரு எந்திரிக்கிறான்? நம்ம மேஸ்திரிதான். 2007-ல் கண்டுபுடிச்சாங்க: தோல் செல்லுக்குள்ள பி-53 உத்தரவு போட்டுத்தான் கருநிறம் ஊறுதாம். வெயில்ல நீ கறுக்கிறது, உள்ள இருக்கிறவன் உனக்காக விரிக்கிற குடைடா. நீ காசு குடுத்துக் குடையைக் கிழிக்கிறே, பொறவு காசு குடுத்து டிஎன்ஏ பத்திரமா இருக்கான்னு கேக்குறே. நம்ம பொம்பளைங்களைப் பாரு. தலைக்கு முக்காடு, அதுக்கு மேல கூடைக் கயிறு, இடுப்புக்குப் படங்கு. ஒருத்தியும் புறஊதான்னு கேள்விப்பட்டதில்ல.

வெயிலு மட்டுமா கொட்டுது? ஊட்டியில டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க ஒரு ஆய்வுக்கூடம் வெச்சிருக்காங்க, கிரேப்ஸ்-3னு. வானத்துலருந்து கொட்டுற காஸ்மிக் கதிரை எண்ணுறாங்க. அதுல மியூவான்னு ஒரு துகளு. உள்ளங்கையை நீட்டினா நிமிசத்துக்கு நூறுக்குப் பக்கம் பொத்துக்கிட்டுப் போகுதாம், வலிக்கிறதும் இல்ல. அதை வெச்சு ஒரு இடிமேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்துச்சுன்னு 2019-ல் சொன்னாங்க. தலைக்கு மேல 130 கோடி வோல்ட்டு, மழை தூறினா லயத்துல கரண்டு இல்ல. அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது என்னன்னா, நீ இந்த மலையில பொறந்த நாள்லருந்து நனைஞ்சுக்கிட்டிருக்கிற மழை அது. ஏடிஎம்மும் பி-53-ம் அந்த மழைக்குள்ளதான் வேலை பாக்குறாங்க. நேத்துப் பதினேழாம் பக்கத்தைப் படிச்ச பொறவு ஆரம்பிச்சது இல்ல.

கதிருன்னதும் எக்ஸ்ரே நெனப்பு வருது. இந்துநகர்ல இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்னு இருந்துச்சே, 1960-ல் தொடங்கினது, இப்ப மூடிக் கெடக்கு. அங்க எக்ஸ்ரே ஃபிலிம் செஞ்சாங்க. எத்தனையோ பேரு நெஞ்செலும்பை நாட்டுக்குக் காட்டினது நம்ம ஊட்டி ஃபிலிம். டாக்டரு எடுக்கச் சொன்னா ஒரு எக்ஸ்ரே எடு, பயப்படாத. நீயா பரிசோதனைக் கடைக்குப் போயி "முழு ஒடம்பும் ஸ்கேன் பண்ணிருங்க, ஆஃபர் இருக்குல்ல"ன்னு நிக்காத. தப்படிக்கிறவனுக்கும் கை வலிக்கும்.

யானைக் கதை வேணுமா? அதைக் கேக்காம நீ எந்திரிக்க மாட்ட, தெரியும். தெப்பக்காடு யானை முகாமைப் பத்தி எடுத்த படத்துக்கு 2023-ல் ஆஸ்கர் குடுத்தாலும் குடுத்தாங்க, செல்ஃபி எடுக்க வர்ற கூட்டம் யானையைவிடப் பெருசாப் போச்சு. அந்த யானையைப் பாத்து யாராச்சும் இதைக் கேட்டாங்களா: இம்புட்டு ஒடம்பு, மனுசனைவிட நூறு மடங்கு செல்லு, அறுவது எழுவது வருச ஆயுசு. செல்லு கூடக் கூடக் கெடுறதும் கூடணும்ல? அப்ப யானைக்கெல்லாம் புத்துநோய் வந்து காடே காலியாயிருக்கணுமே? ஆகல. மனுசன் நூறு பேருல பதினொண்ணுலருந்து இருவத்தஞ்சு பேரு வரைக்கும் புத்துநோய்ல போறாங்கன்னா, யானையில அஞ்சுக்கும் கொறைவுதான். அமெரிக்காவுல யூட்டாங்கிற எடத்துல ஜோஷுவா ஷிஃப்மன்னு கொழந்தைங்க புத்துநோய் டாக்டரு. மிருகக்காட்சிசாலை யானை, சர்க்கஸ் யானையோட ரத்தத்தை வாங்கிப் பாத்தாரு. 2015-ல் சொன்னாரு. நமக்கு டிபி-53 அப்பன் வழி ஒண்ணு, ஆத்தா வழி ஒண்ணு. ஆப்பிரிக்க யானைக்கு ஒவ்வொரு வழியிலயும் அந்த ஜீனுக்கு இருவது நகல். நம்ம பக்கத்து ஆசிய யானைக்குப் பதினஞ்சுலருந்து இருவது. அசல் ஒண்ணுதான், மத்ததெல்லாம் பின்னால ஒட்டின பிரதி. ஆனா கதிர் பட்ட யானைச் செல்லு, நம்ம செல்லைப் போல ரெண்டு மடங்கு வேகத்துல "நான் போயிட்டு வாரேன்"னு செத்துப்போகுது. ரிப்பேருக்குன்னு உக்காந்து நேரத்தைக் கடத்துறதில்ல. சந்தேகம்னா வெட்டு. யானை கவ்வாத்து!

அந்த டாக்டரு ஏன் யானைகிட்டப் போனாருன்னா, அவர்கிட்ட வந்த புள்ளைங்க சிலதுக்கு ரெண்டு மேஸ்திரியில ஒருத்தன் பொறக்கும்போதே மொடம். லி, ஃப்ராமெனின்னு ரெண்டு டாக்டருங்க 1969-ல் அந்தக் குடும்பங்களைக் கண்டு எழுதினாங்க. அதுங்க ஆயுசுல முக்காவாசிப் பேருக்கு மேல புத்துநோய் வந்துருது. அந்தக் குடும்பத்துல ஒருத்தருக்கு இந்தச் சோதனை பண்ணச் சொன்னா நான் கேலி பண்ணுவேனா? வாயைக் கழுவிட்டுக் கூடவே போவேன். உன் பதினேழாம் பக்கம் அது இல்ல. அதுல "லேசான மாறுபாடு"ன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு, பாரு. அந்த எழுத்தைப் படிக்கத்தான் எறும்புக்குக் கண்ணாடி போடணும்.

"அப்பன்னா தாத்தா, யானை மாதிரி எனக்கும் மேஸ்திரியைக் கூட்டிக்கிட்டா?" அப்படித்தானே கேக்கப் போற? அந்த மாத்திரை டப்பாக்காரனும் அதைத்தான் நெனக்க வெக்கிறான். 2002-ல் எலிக்கு அப்படிப் பாத்தாங்க. மேஸ்திரியை ஓயாம முழிச்சே இருக்க வெச்சாங்க. எலிக்குப் புத்துநோய் கொறைஞ்சுச்சு, ஆனா சீக்கிரமே கெழடு தட்டிப்போச்சு. முதுகு கூனி, எலும்பு தேஞ்சு, நாளைக்கு முன்னாலயே மண்டையைப் போட்டுருச்சு. பின்ன? பெரட்டுக்கு வர்றவனையெல்லாம் "நீ தேற மாட்ட, வீட்டுக்குப் போ"ன்னு அனுப்புற மேஸ்திரி இருந்தா மலையில எலை பறிக்க ஆளேது? டீயைப் பத்தியும் கேட்டுக்க: ஆராய்ச்சியில டீத்தண்ணியைக் கண்ணாடிக் கிண்ணத்துல இருக்கிற செல்லு மேல ஊத்திப் பாத்தது வேற, நீ குடிக்கிறது வேற. இதைச் சொல்றது டீயாலயே வவுத்தைக் கழுவினவன். டீ விக்கணும்னா நானுல்ல பொய் சொல்லணும்? கீழ பச்சைத் தேயிலைக்கு நியாய வெலை கேட்டுச் சனம் உண்ணாவிரதமே இருந்துச்சு. அதே எலையை டப்பியில போட்டு டிஎன்ஏன்னு ஒட்டினா ஆயிரமா? வித்தைக்காரப் பயலுவ.

ஜீனு, ரத்தம்னு இந்த மலைக்கு ஆளுங்க வந்தது இப்ப இல்லடா. 1952-லயே லேமன், கட்புஷ்னு ரெண்டு பேரு இருளர், குறும்பர் ரத்தத்தைப் பாத்து, அரிவாள் மாதிரி வளைஞ்ச அணு இருக்குன்னு எழுதினாங்க. அதே வருசம் அசாம்ல தேயிலைத் தோட்டத்து ஆளுங்ககிட்டயும் கண்டாங்க. அது வேற ஜீன், டிஎன்ஏ ரிப்பேருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா அங்க ஒரு சொட்டு ரத்தத்துல புள்ளை ஏன் சோந்து கெடக்குன்னு தெரியுது, கல்யாணம் பேசும்போது யோசிக்க முடியுது. நாப்பத்தோரு பக்கம் வேணாம், ஒரு பக்கம்.

அதுக்கும் முன்னால, 1901-ல் ரிவர்ஸ்னு ஒரு தொரை தோடர் மந்துக்கெல்லாம் போயி உக்காந்தாரு. கையில டப்பி இல்ல, நோட்டுப் புஸ்தகம். உங்கப்பன் யாரு, அவனப்பன் யாரு, யாருக்கு யாரைக் கட்டினீங்கன்னு ஒவ்வொரு குடும்பமாக் கேட்டு எழுதினாரு. செத்தவங்க பேரைச் சொந்தக்காரங்க வாயால சொல்லக் கூடாதுன்னு அவங்ககிட்ட ஒரு வழக்கம். அதனால ஒரு வீட்டுக் கதையை அடுத்த வீட்டுல கேட்டு வாங்கியிருக்காரு. 1906-ல் புஸ்தகமாப் போட்டாரு. இன்னைக்கும் பரம்பரைப் புத்துநோய்னு ஒரு குடும்பம் வந்து நின்னா, டாக்டரு மொதல்ல கேக்குறது எச்சிலை இல்ல, இந்தக் கதையைத்தான். மார்புப் புத்துநோய்க்கு பிஆர்சிஏ-1னு ஒரு ஜீன், அதுவும் அறுந்த நூலைத் தைக்கிற ஆளுதான். மேரி-கிளேர் கிங்னு ஒரு அம்மா 1990-ல் அது 17-ம் குரோமோசோம்ல இருக்குன்னு சொன்னது, சின்ன வயசுலயே நோய் வந்த குடும்பங்களோட வம்சாவளியைக் கோத்துக் கோத்துத்தான். அந்த ஜீனுக்கு ஒரு கம்பெனி பட்டாவே வாங்கி வெச்சிருந்துச்சு. 2013-ல் அமெரிக்கா சுப்ரீம் கோர்ட்டு, இயற்கையா ஒடம்புல இருக்கிறதுக்குப் பட்டா கெடையாதுன்னுருச்சு. ஒடம்புக்குள்ள இருக்கிறதுக்கு அவன் பட்டா வாங்கிட்டான். நாங்க இருக்கிற லயத்துக்கு இன்னும் வரல.

நம்ம மெட்ராஸ் முத்துலட்சுமி ரெட்டி அம்மா, கூடப் பொறந்த தங்கச்சியைப் புத்துநோய்க்குப் பறிகுடுத்தவங்க. அந்தத் துக்கத்தோட அடையாறுல ஆஸ்பத்திரி வெச்சாங்க, 1954-ல். அங்க இந்தப் பரம்பரை ஜீனையும் பாக்குறாங்க. போக வேண்டியவங்க அங்க போகலாம். போகணுமா வேணாமான்னு எதை வெச்சு முடிவு பண்ணுவ? உன் அம்மாச்சி எதுல போனா, தெரியுமா? அவ அக்கா? சிலோன்லயே தங்கிட்டாளே உன் பெரியத்தை, அவளுக்கு என்ன வயசுல என்ன வந்துச்சு? நாங்க சிலோன்லருந்து மண்டபம் கேம்ப்புல வந்து எறங்கின வருசமாச்சும் தெரியுமா? தெரியாது. ஆனா உன்னோட முன்னோரு தென்னிந்தியான்னு தெரியும். எட்டாயிரம் ரூவாய்க்கு.

சரி, அந்த ரிப்போர்ட்டைத் திருப்பு. பின்னால பூரா வெள்ளைத்தாளு, நல்ல வழவழப்பா இருக்கு. பேனாவை எடு. மேல உன் பேரைப் போடு. அதுக்கு மேல ரெண்டு கோடு, எடது பக்கம் உங்கப்பன், வலது பக்கம் உங்கம்மா. உங்கம்மாவுக்கு மேல அம்மாச்சி. எழுது: மாருல கட்டி, வயசு... இரு, உன் பாட்டியைக் கூப்பிடு, வயசு அவளுக்குத்தான் சரியாத் தெரியும். பொயிலை தேடுறதை விட்டுட்டு வரச் சொல்லு. வரும்போது மூணு டம்ளரு எடுத்துட்டு வரச் சொல்லு. உனக்குத்தான் டீ ஆகாதே... ரெண்டு போதுமா, மூணா?